பிரேக் அக்காவின் கழுத்து

"உனக்கு அந்த பாஷையில குடைச்சல்னு சொல்லத் தெரியுமா?" என்று சித்தி கேட்டாள்.

"தெரியாது. வலின்னு சொல்லலாம்," என்றேன்.

"வலி வேற, குடைச்சல் வேற. சரி, சுளீர்னு இழுக்குதே, அது?"

"அதையும் வலின்னுதான் சொல்லணும்."

"காலையில எந்திரிச்சா பலகை மாதிரி விறைச்சுக் கெடக்குதே, அதுக்கு?"

"அதை விளக்கிச் சொல்லலாம் சித்தி."

"ரெண்டு பாஷையில படிக்க வச்சிருக்கேன்னு எங்க அக்கா ஊரெல்லாம் பீத்திக்கிட்டா. கடைசியில ஒரு குடைச்சலுக்கு வழியில்ல."

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா சிரித்தார். சித்தி அவரை முறைக்க வேண்டும். கழுத்து திரும்பாது என்பதால், சக்கரம் வைத்த நாற்காலியைக் காலால் உந்தி, நாற்காலியோடு மொத்தமாகத் திரும்பி முறைத்தாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நானும் இந்த மேசைக்குப் பின்னால வந்து உக்காரப் போறேன். நாள் பூரா. அப்புறம் பாக்கறேன் யாரு சிரிக்கிறான்னு."

சித்தப்பாவின் சிரிப்பு அத்தோடு நின்றது.

"யார்கிட்ட போய் இதெல்லாம் சொல்லணும்?" என்று கேட்டேன்.

"கண்ணாடிக் கடை மாடியில ஒருத்தர் இருக்காராம். ஊசி வைப்பாராம். மருந்து இல்லாத ஊசி. நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாதாம். நீதான் கூட வரணும்."

"அக்குபங்சரா? உங்களுக்கு அதுல நம்பிக்கை இருக்கா?"

"நம்பிக்கை எனக்கு எதுக்குடி? கழுத்து திரும்பினாப் போதும்."

சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கு ஒரே ஒரு வெள்ளைக் கார், ஒரே ஒரு அறை. அறையில் இருப்பவர் சித்தப்பா. காரில் இருப்பவள் சித்தி. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கும் வேகத்தால் மாணவர்கள் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் போனை எடுத்தால், "பிரேக் அக்காதான் பேசறேன், சொல்லுங்க," என்பாள்.

அந்தப் பக்கத்து இருக்கையில்தான் கழுத்து கெட்டது. வருஷக்கணக்காக அவள் பார்த்ததெல்லாம் ஓட்டுபவரை. அவர் கை எங்கே இருக்கிறது, கண் எங்கே போகிறது, கால் எதன் மேல் நடுங்குகிறது என்று ஒரே பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கழுத்து அந்தப் பக்கத்துக்குப் பழகிவிட்டது. மறு பக்கம், அதாவது தன் கதவுப் பக்கம் திரும்பச் சொன்னால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் தோள்பட்டை வரை சுளீர் என்று இழுக்கும்.

எலும்பு மருத்துவரிடம் போனாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தசைகள் இறுகிவிட்டன என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் வலி குறைந்தது, கூடவே தூக்கமும் வந்தது. மாணவர் சாலையில் தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவள் கொட்டாவி விடமுடியாது. மாத்திரையை நிறுத்தினாள். வலி திரும்பி வந்தது.

வலியோடு அவள் காலம் தள்ளியிருப்பாள். ஆனால் கற்றுக்கொடுப்பவர்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கு உடல்தகுதிச் சோதனை உண்டு. பயிற்றுநர் இருக்கையில் உட்கார வைத்து, பின்னால் காட்டும் கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிடுவார்கள். காருக்குப் பின்னால் ஓரமாக ஒரு அதிகாரி வண்ண அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலையைத் திருப்பிப் பார்த்து நிறத்தைச் சொல்லவேண்டும். முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். ஒரு பக்கம் தெரியவில்லை என்றாலும் உரிமம் கிடையாது. காரில் வேறு யாராவது உட்காருவார்கள், சித்தி மேசைக்குப் பின்னால் உட்காருவாள். அதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

கண்ணாடிக் கடையின் மாடிப்படி குறுகலானது. மேலே இரண்டே அறைகள். உள்ளறையில் முகத்தை வைக்க ஓட்டை போட்ட கட்டில், அதன் மேல் சுருளிலிருந்து இழுத்து விரித்த வெள்ளைத் தாள், மூலையில் சூடு கொடுக்கும் விளக்கு. மருத்துவர் நரைத்த தலை, மெல்லிய குரல், சட்டைக் கையை மடித்துவிட்ட மனிதர். சித்தியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கை மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. பிறகு வலி எப்படி இருக்கும் என்று கேட்டார்.

சித்தி ஆரம்பித்தாள். காலையில் பலகை. குளித்தால் கொஞ்சம் இளகும். மத்தியானம் குடைச்சல், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு உள்ளுக்குள் யாரோ ஸ்குரூ முறுக்குவது போல. சாயங்காலம் கடுப்பு. ராத்திரி படுத்தால் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் சொத்துத் தகராறு. இதையெல்லாம் கைகளை ஆட்டி, நாற்காலியை உந்தி, சொல்லி முடித்தாள்.

நான் அவரிடம், "வலிக்கிறதாம்," என்றேன்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "அவங்க இவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"என்ன சொல்றார்?" என்றாள் சித்தி.

"நீங்க சொன்னதை நான் முழுசாச் சொல்லலையாம்."

"ஆள் கெட்டிக்காரர்தான். சொல்லு, சொத்துத் தகராறையும் சேர்த்துச் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு வலிக்கும் ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டு, இறுகும் வலி வேறு, எரியும் வலி வேறு, அதனால்தான் கேட்கிறேன் என்றார். சித்தி என்னைப் பார்த்து, "நான் அப்பவே சொல்லலை?" என்பது போல் புருவத்தைத் தூக்கினாள்.

ஊசிகள் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருந்தன. தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமன். சித்தி குப்புறப் படுத்தாள். ஓட்டைக்குள்ளிருந்து அவள் குரல் தரையைப் பார்த்து வந்தது.

"மெதுவா. மெதுவாச் சொல்லு அவரை. அவசரமே இல்ல. முதல்ல ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டாரான்னு கேளு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மருத்துவர் சின்னக் குழாயைத் தோலில் வைத்து, ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கட்டிலின் மறுகோடியில் சித்தியின் கால் சட்டென்று எதையோ மிதித்தது.

அடுத்த ஊசி. மறுபடி மிதித்தது.

மருத்துவர் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் கால் என்ன பண்ணுது?"

"பிரேக் போடுது," என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தக் காலில் மட்டும் ஊசி வைக்கப்போவதில்லை என்றார்.

கழுத்தில் சில, தோளில் சில. பிறகு சித்தியை மெல்ல எழுப்பி உட்கார வைத்து, கழுத்திலும் தோளிலும் இருந்தவற்றை எடுத்துவிட்டு, புறங்கையில் ஒன்று வைத்தார். அது அப்படியே இருக்க, வலிக்காத அளவுக்குக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார்.

"கழுத்துக்கு வந்தா கையில குத்துறாரே. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? கேளு."

கேட்டேன். அவர் சொன்னதை அன்று ஒரு வார்த்தை விடாமல் சொல்ல முயன்றேன். உடம்புக்குள் பாதைகள் ஓடுகின்றன, அவற்றில் அடைப்பு நீங்குகிறது என்பது பழைய விளக்கம். ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது, உடம்பே வலியைக் குறைக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்பது இப்போது ஆராய்ச்சி செய்பவர்கள் தரும் விளக்கம். நாள்பட்ட கழுத்து வலி, முதுகு வலி, முழங்கால் வலி, அடிக்கடி வரும் தலைவலி, இவற்றில் பலருக்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் இல்லை. பலனில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, படுத்து ஓய்வெடுத்ததற்கு எவ்வளவு, நம்பிக்கைக்கு எவ்வளவு என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஊசியோடு தான் சொல்லும் பயிற்சியையும் வீட்டில் செய்யவேண்டும். சில தடவை வந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் தானே நிறுத்திவிடுவாராம்.

"அப்படின்னா இவருக்கே சரியாத் தெரியாதா?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றார் சித்தி."

"அதுவும் சரிதான். நம்ம பசங்க எவன் சொல்றான்? கியர் தெரியுமான்னு கேட்டா எல்லாம் தெரியும்கிறான். அப்புறம் செவுத்துல கொண்டுபோய் விடறான்." கையில் நின்ற ஊசியை உற்றுப் பார்த்தாள். "வலியே இல்லடி. உள்ள ஏதோ கனமா, மதமதன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

அன்று வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தவள், விடிந்து சித்தப்பா எழுப்பும்வரை எழவில்லையாம். இரண்டாம் தடவை போய் வந்ததில் ஒரு மாற்றமும் இல்லை. "இன்னிக்கு ஊசி லீவு போட்டுடுச்சு," என்றாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவளுக்கென்று ஒரு அளவுகோல் உண்டாயிற்று. காரில் தன் இருக்கையில் உட்கார்ந்து, கதவுப் பக்கம் மெல்லத் திரும்பி, எது வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பாள். ஆரம்பத்தில் பக்கக் கண்ணாடி மட்டும். பிறகு கதவின் பூட்டு. ஒரு நாள் காலையில் போனில் கத்தினாள்: "பின் கதவுக் கைப்பிடி தெரியுதுடி!" நான் அலுவலகத்தில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் கைப்பிடியோடு நின்றுவிட்டது. பின் சன்னல் வரை போனால்தான் வண்ண அட்டை தெரியும்.

வீட்டில் சித்தப்பா அதிகாரி வேடம் போட்டார். பள்ளியிலிருந்து கொண்டுவந்த அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியில் சித்தி உட்காருவாள். அவர் பின்னால் ஓரமாக நின்றுகொண்டு கையில் கிடைத்ததைத் தூக்கிப் பிடிப்பார்.

"இது என்ன?"

"கரண்டி."

"இது?"

"உங்க செருப்பு. கருமம், சமையலறைக்குள்ள எதுக்கு?"

"இது?"

சித்தி கொஞ்ச நேரம் திணறினாள். "தக்காளி."

"கள்ளாட்டம்! டிவி கண்ணாடியில பாத்துட்ட. கழுத்து அசையவே இல்ல."

"அசைஞ்சுது."

"உன் கழுத்து அசைஞ்சா எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னைப் பாக்கறதுக்கு ஒரு தடவையாவது அசைஞ்சிருக்கா அது?"

சித்தி நாற்காலியோடு திரும்பி அவரைத் துரத்தினாள். சக்கரத்தில் சித்தி வேகமாக வந்ததால் சித்தப்பா தக்காளியோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அடுத்த தடவை நாங்கள் மாடிக்குப் போனபோது மருத்துவர் இன்னும் வரவில்லை. வெளியறையில் காத்திருந்தோம். மூச்சு வாங்க ஓடி வந்து, பேருந்து கிடைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

"கார் இல்லையான்னு கேளு," என்றாள் சித்தி.

இருக்கிறது, மனைவி ஓட்டுவார் என்றார்.

"இவர் ஓட்ட மாட்டாரா?"

அவர் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, சோதனைக்குப் பல தடவை போயிருக்கிறேன் என்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் கை வியர்த்துவிடும். ஒரு தடவை வண்டியைக் கிளப்பவே மறந்து, ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தாராம்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சித்தி எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ஒரு பிரகாசம்.

"இத்தனை நாள் சொல்லவே இல்ல பாரு மனுஷன். நாளைக்கே என் வண்டியில ஏறச் சொல்லு."

"அவர் கேக்கவே இல்லையே சித்தி."

"நானும்தான் கையில ஊசி குத்துங்கன்னு கேக்கலை. குத்தலை? சொல்லுடி."

சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தார். சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மறுநாள் சாயங்காலம் வெள்ளைக் காரில் மூன்று பேர். ஓட்டுநர் இருக்கையில் மருத்துவர், பக்கத்தில் சித்தி, பின்னால் மொழிபெயர்க்க நான். அவர் சீட் பெல்ட்டைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கட்டிலில் படுத்தவர்களிடம் அத்தனை நிதானமாக இருந்த விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

காரில் மொழிபெயர்ப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. சித்தி, "பிரேக்கை மிதிக்கச் சொல்லு," என்பாள். நான் அதை மரியாதையான வாக்கியமாக மாற்றிச் சொல்லி முடிக்கும்போது வண்டி, நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டியிருக்கும். சித்தியின் கால் முந்திக்கொள்ளும். எல்லாரும் முன்னால் போய்ப் பின்னால் வருவோம்.

"என்னடி, கல்யாணப் பத்திரிகையா வாசிக்கறே? சுருக்கமாச் சொல்லு!"

"அவர் பெரியவர் சித்தி. மிதின்னு எப்படிச் சொல்றது?"

"செத்தா பெரியவர் சின்னவர் எல்லாம் ஒண்ணுதான்!"

இரண்டு மூன்று நாளில் இருவருமே என்னைக் கைவிட்டுவிட்டார்கள். அவர் 'மெதுவா', 'நில்லு', 'போ', 'பயப்படாத' எல்லாம் கற்றுக்கொண்டார். சித்தி அவருடைய மொழியில் 'மூச்சை விடு' என்பதையும் 'தளர்த்து' என்பதையும் கற்றுக்கொண்டாள். கட்டிலில் அவளுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தைகள் அவை. இப்போது அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அதையே அவரிடம் திருப்பிச் சொன்னாள். அவரோ, மாணவர்களைப் பார்த்து, அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளை விட வயதில் நிச்சயம் மூத்தவர். சித்தி அதைத் திருத்தவில்லை.

"அக்கா, போ?" என்று கேட்பார், சந்திப்பில் நின்றுகொண்டு.

"போங்க டாக்டர், போங்க. ராத்திரி ஆயிடப்போகுது."

அவர் அவளுக்கு வாரம் தவறாமல் ஊசி வைத்தார். அவள் அவரைச் சந்துகளிலும் மேடுகளிலும் ஓட்டவிட்டாள். கழுத்து கைப்பிடியை விட்டு நகரவில்லை. வலி வெகுவாகக் குறைந்துவிட்டது, காலையில் பலகை இல்லை, அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்த இடம் வந்ததும் தானாக நின்றுவிடும். சோதனை நாள் நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்தது. ஒரு மாலை நான் போனபோது மேசைக்குப் பின்னால், சித்தப்பாவின் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சந்திப்பு. சித்தி உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பவேண்டும். மருத்துவர் திரும்பும் விளக்கைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காகச் செய்தார். தோளுக்கு மேல் பார்க்க மட்டும் மறந்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஓரமாகப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தெரியாத இடத்தில். பின் இருக்கையில் நான் அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் சித்தி திரும்பிவிட்டாள். பூட்டைத் தாண்டி, கைப்பிடியைத் தாண்டி, பின் சன்னல் வரை. அவள் முகம் முழுசாக எனக்கு எதிரே இருந்தது.

"நில்லு!"

இரண்டு கால்கள் ஒரே நேரத்தில் பிரேக்கை மிதித்தன. மருத்துவர் சித்தியின் காலுக்குப் பிந்தாமல் பிரேக்கை மிதித்த முதல் தடவை அது. சைக்கிளில் வந்த பெண் எங்களைத் தாண்டிப் போகும்போது குனிந்து பார்த்து ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்காது.

மருத்துவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, போலீஸ்காரர் பிடித்தது போல உட்கார்ந்திருந்தார். சித்தி அவருக்குத் தோளுக்கு மேல் பார்ப்பதைப் பற்றி ஒரு பாடமே நடத்தினாள். தமிழில். முழுதும் முடியும் வரை காத்திருந்தேன்.

"சித்தி," என்றேன்.

"என்னடி?"

"உங்க கழுத்து."

"கழுத்துக்கென்ன?" என்று கேட்டாள். ஒரு கை மெல்ல மேலே போய்ப் பிடரியைத் தொட்டது. "நான் பின்னால பாத்தேனா?"

"என்னையே பாத்தீங்க."

மறுபடி திரும்பினாள், இந்த முறை மெதுவாக, காதில் தண்ணீர் போனவள் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. பூட்டு. கைப்பிடி. அங்கே ஒரு நொடி நின்றாள். மூச்சை விட்டாள். பின் சன்னல்.

"கொஞ்சம் பிடிக்குது. ஆனா போகுது. டாக்டர்! போகுது!"

பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. மருத்துவர் அதைக் கேட்கவே இல்லை. சந்திப்பின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, அவளுக்குச் சொல்லச் சொன்னார்: தசைகள் முன்பே இளகிவிட்டன. வலி வரும் என்ற பயம்தான் அந்த இடத்தில் காவல் நின்றுகொண்டிருந்தது. சைக்கிளைக் கண்டதும் பயப்பட நேரமில்லை. ஊசி பாதி வழி கொண்டுவந்து விட்டிருக்கலாம், மீதி வழியை நீங்களே போனீர்கள்.

"பாதி அவர் ஊசி, பாதி அவர் ஓட்டற லட்சணம்னு சொல்லு," என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.

மருத்துவரின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அடுத்த சோதனையிலும் தேறவில்லை. தோளுக்கு மேல் பார்த்தது போதுமானதை விட அதிகம், நடந்து போகிறவர்களே வண்டியை முந்திச் சென்றார்கள் என்று அதிகாரி சொன்னாராம். அதற்கடுத்த தடவை தேறினார். அன்று வெள்ளைக் காருக்குப் பின்னால் தன் காரைக் கொண்டுவந்து கச்சிதமாக நிறுத்திவிட்டு, "அக்கா, வந்துட்டேன்," என்று தமிழில் கத்தினார். இன்றும் சித்திக்கு அவ்வப்போது கழுத்து இறுகும். குளிர் நாட்களில் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவாள். ஊசி வைக்கும்போது பிரேக் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சித்தியின் சோதனை நாளில் காலையில் லேசாக மழை தூறிவிட்டு நின்றிருந்தது. சித்தப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான்தான் போனேன். திடலில் பயிற்றுநர்கள் வரிசையாக நின்றார்கள். சித்தி கார்க்கதவைச் சாத்திக்கொண்டு தன் இருக்கையில் உட்கார்ந்ததை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். கண்ணாடிகளுக்குத் துணி கட்டினார்கள். அதிகாரி ஒரு பக்கம் நின்று அட்டையைத் தூக்கினார். ஓட்டுநர் பக்கம் சித்தி அநாயாசமாகத் திரும்பி, "பச்சை," என்றாள். அதிகாரி காரைச் சுற்றிக்கொண்டு மறு பக்கம் வந்தார். அந்த நடை முடிகிறவரை நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி உடனே திரும்பவில்லை. கண்ணை மூடித் தோளைத் தளர்த்துவது தெரிந்தது. பிறகு தலை மெல்ல, நிற்காமல், சுற்றி வந்தது.

"மஞ்சள்," என்றாள். அதோடு விடவில்லை. "அட்டையோட ஒரு மூலை கிழிஞ்சிருக்கு. உங்க சட்டையில ஒரு பொத்தான் இல்ல. அங்க வேலிகிட்ட என் அக்கா பொண்ணு நிக்கறா, அழுவுறாளா என்னன்னு பாருங்க."

அதிகாரி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

முத்திரை குத்திய உரிமத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவள் அதைச் சரியாகக் கூடப் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "மேசை முழுக்க உங்களுக்கே, எடுத்துக்கங்க," என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு கார்ச் சாவியை என் கையில் திணித்தாள். எனக்கு உரிமம் உண்டு. அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். அவள் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டுவதற்கு மட்டும் எப்போதும் தயங்குவேன்.

அவள் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். ஈரச் சாலையின் வாசனை உள்ளே வந்தது. வெளியே மரங்களும் கடைகளும் மனிதர்களும் இருந்தார்கள். இந்தச் சாலையில் எத்தனை வருஷமாகப் போய் வந்திருக்கிறாள்! நான் வண்டியைக் கிளப்பி, வீட்டுப் பக்கம் திருப்ப விளக்கைப் போட்டேன்.

"வீட்டுக்கு நேராப் போகாத கண்ணு," என்றாள் சித்தி. "சுத்துவழியாப் போ. நல்லா மெதுவா ஓட்டு. இன்னிக்கு நான் உன்னைப் பாக்கப் போறதில்ல."